பகடை முடிவு செய்யும் மந்திரம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், சிகாகோவிலிருந்து காரில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் எட்டிவிடும் சிற்றூர் லேக் ஜெனீவா. மக்கள்தொகை எட்டாயிரத்துச் சொச்சம். பெரிய ஏரி, அதைச் சுற்றி 30 கி.மீ.க்கும் அதிகமான நடைபாதை, சிகாகோ செல்வந்தர்கள் கட்டிய மாளிகைகள். கோடையில் ஏரிக்கரை வீடுகளுக்குத் தபால் படகில் வருகிறது. 1916லிருந்து இதுதான் வழக்கம். படகு எங்கும் நிற்பதில்லை. தபால்காரர் ஓடும் படகிலிருந்து துறையில் குதித்து, பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, படகு கடந்து போவதற்குள் மீண்டும் தாவி ஏற வேண்டும். கணக்குத் தப்பினால் முழுக்குதான்.

ஆனால் மார்ச் குளிரில் இங்கே வருபவர்கள் ஏரியைப் பார்க்க வருவதில்லை. அவர்களுடைய பைகளில் கலகலக்கும் பகடைகள். நான்கு முகம், ஆறு முகம், எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது முகம் எனப் பல வகை. தாயக்கட்டை உருட்டிப் பழகிய கைக்கு இருபது முகப் பகடை கோலிக்குண்டு மாதிரி இருக்கும். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டு இந்த ஊரில்தான் அச்சேறியது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் கூடுகைக்குத்தான் இவர்கள் வருகிறார்கள்.

சென்டர் தெருவின் 330ஆம் எண் வீட்டில் கைகாக்ஸ் குடும்பம் வசித்தது. நிலவறையில் ஒரு மணல் மேசை. அதில் பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் விளையாட்டு. சிகாகோவில் அவருக்கு இன்சூரன்ஸ் நிறுவன வேலை. எந்த ஆபத்துக்கு எவ்வளவு பிரீமியம் என்று கணிப்பது அவர் பொறுப்பு. எந்த வீடு எரியும் என்று யாராலும் சொல்ல முடியாது, நூற்றில் எத்தனை எரியும் என்றுதான் சொல்ல முடியும் என்பதே அந்தத் தொழிலின் அடிப்படை. 1970ல் அந்த வேலை போனது. ஐந்து பிள்ளைகள். செருப்புத் தைத்துக் குடும்பத்தை ஓட்டினார். 1972ல் மின்னசோட்டாவிலிருந்து வந்த டேவ் ஆர்னஸன் தன் புதுவகை விளையாட்டை ஆடிக் காட்டினார். அதில் படைகள் இல்லை. ஒவ்வொருவரும் ஒரே ஒரு பாத்திரம். வீரன், மந்திரவாதி. நடுவர் கதை சொல்ல, முடிவைப் பகடை சொல்லும்.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது மந்திரவாதியிடம்தான். ‘மந்திரம் போட்டது நான், எதிரி ஏன் பகடை உருட்ட வேண்டும்?’ என்பது எல்லா மேசைகளிலும் எழும் கேள்வி. 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, பகடை யார் கையில் என்பதைப் பொறுத்து தாக்கும் மந்திரங்களைப் பெரும்பாலும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, அம்பு போல ஒருவரைக் குறிவைப்பது. இதில் உருட்டுபவர் மந்திரவாதி. ஐந்தாம் நிலையில், கூர்மையான புத்தியுள்ள ஒருவர் இருபது முகப் பகடையில் விழுந்த எண்ணோடு 7 கூட்டலாம். எதிரியின் கவச எண் 15 என்றால், 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 65 சதவீதம்.

இரண்டாம் வகை, ஓர் இடத்தையே தாக்குவது. தீக்கோளம் வெடித்தால் 20 அடி சுற்றளவில் அல்ல, 20 அடி ஆரத்தில் உள்ள அனைவரும் சிக்குவார்கள். குறி தவறும் பேச்சே இல்லை. ஒதுங்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. எனவே உருட்டுவது சிக்கியவர். அதே மந்திரவாதியின் தீயிலிருந்து ஒதுங்க 15 தேவை. 2 கூட்டிக்கொள்ளும் எதிரிக்கு 13 விழ வேண்டும், வாய்ப்பு 40 சதவீதம். தப்பினாலும் பாதிச் சேதம் உண்டு. சேதத்துக்கு எட்டு ஆறுமுகப் பகடைகள்; சராசரி 28.

மூன்றாம் வகையில் சந்தேகத்துக்கே இடமில்லை. ‘மேஜிக் மிசைல்’ என்ற மந்திரக் கணை தவறாமல் தைக்கும். ஆனால் சேதம் குறைவு. உறுதிக்குக் கொடுக்கும் விலை அது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இந்த மந்திரவாதிக்கு மூன்றாம் படி மந்திரம் போடும் சக்தி, ஓய்வுக்கு முன் இரண்டு முறைதான். அமெரிக்க எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதைகளில் மந்திரத்தைச் சொன்னவுடன் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். கைகாக்ஸ் அந்த யோசனையை எடுத்துக்கொண்டார். 1980களில் சில பெற்றோரும் மதக் குழுக்களும் இந்த விளையாட்டு பிள்ளைகளுக்குப் பில்லிசூனியம் கற்பிக்கிறது என்று போர்க்கொடி தூக்கினார்கள். புத்தகத்தைத் திறந்தால் இருந்ததோ கூட்டலும் கழித்தலும்தான்.

உண்மையான ஆபத்து பகடைக்கு வெளியே இருந்தது. அச்சிடப் பணம் இல்லாதபோது, நண்பர் டான் கே தன் ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் வாங்கி 1,000 டாலர் போட்டார். 1973ல் டிஎஸ்ஆர் நிறுவனம் பிறந்தது. 1974 ஜனவரியில் மூன்று சிறு புத்தகங்கள் கொண்ட 1,000 பெட்டிகள் விற்பனைக்கு வந்தன; விலை 10 டாலர். மறு ஜனவரியில் டான் கே மாரடைப்பால் இறந்தார். வயது 36. நிறுவனம் கோடிகளைப் பார்த்தபோது அவர் இல்லை. 1985ல் கைகாக்ஸின் கையிலிருந்து நிர்வாகம் நழுவியது. அடுத்த ஆண்டு வெளியேறினார். 1997ல் கடனில் தத்தளித்த டிஎஸ்ஆரை வாஷிங்டன் மாநில நிறுவனம் ஒன்று வாங்கியது. அலுவலகம் ஊரை விட்டே போனது.

கைகாக்ஸ் 2008 மார்ச்சில் இதே ஊரில் காலமானார். இறுதிச் சடங்கு முடிந்து வீடு திரும்ப மனமில்லாத நண்பர்களும் குடும்பத்தாரும் மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து ஆடினார்கள். அதுவே ஆண்டு வழக்கமாகிவிட்டது.

நிறுவனம் போனது, உரிமை போனது. பகடை மட்டும் உருண்டுகொண்டிருக்கிறது. தீக்கோளத்தில் சிக்கியவருக்கும் கடைசியாக ஒரு முறை உருட்டும் உரிமை உண்டு என்பது அந்த விளையாட்டின் விதி. அந்த விதியை எழுதியவருக்கோ அப்படியொரு வாய்ப்பை யாரும் தரவில்லை.