முதலைச் சட்டை

1999இல் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பாரிசுக்கு வடக்கே வில்லியே லெ பெல். அத்தான் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். நம் புதுச்சேரிக்காரர்கள் அந்தப் பக்கம் நிறையப் பேர் உண்டு.

அக்கா மகனுக்கு அப்போது 17 வயது. தலையில் தொப்பி, உடம்பில் லாகோஸ்ட் டிராக் சூட், நெஞ்சில் அந்தச் சின்ன முதலை. காலைக் காப்பி குடிக்கும்போதே, "ஏன்டா ரௌடி மாதிரி திரியறே, இது டென்னிஸ்காரன் சட்டைடா" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "டென்னிஸ்காரன் மட்டும்தான் போடணும்னு எழுதியிருக்கா மாமா?" என்று கேட்டான். அக்கா முன்னால் பதில் பேசியதில் எனக்குக் கோபம். நாலு நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை.

நான் சொன்னது தப்பில்லை. டென்னிஸ் வீரர் ரெனே லாகோஸ்ட் 1933இல் தொடங்கிய கம்பெனிதான் அது. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் வெள்ளைக்கார வாத்தியார்களின் பிள்ளைகள் அதைப் போட்டு வருவார்கள். முதலையை ஓரக்கண்ணால் பார்ப்பேன். அப்பாவிடம் கேட்கிற தைரியம் கிடையாது.

பையன் யாரைப் பார்த்து அப்படி உடுத்தினான் என்று பிறகுதான் தெரிந்தது. அதே ஊரில் வளர்ந்த, காங்கோ வழி வந்த அண்ணன் தம்பி இருவர், லினோ, கால்போ. ஆர்செனிக் என்ற பெயரில் ராப் பாடினார்கள். 1998இல் முதல் ஆல்பம். எங்கு போனாலும் லாகோஸ்ட்தான். புறநகர்ப் பிள்ளைகளெல்லாம் முதலைக்கு மாறினார்கள். கம்பெனிக்கு இந்த வாடிக்கையாளர்கள் அவ்வளவாக ருசிக்கவில்லை என்று அப்போது பேச்சு. நானும் கம்பெனி பக்கம் நின்றிருக்கிறேன், சம்பளம் வாங்காமலே!

அமெரிக்காவில் இது முன்பே நடந்தது. 1986இல் ரன் டி.எம்.சி. என்ற மூவர் அடிடாஸ் ஷூவைப் பற்றியே பாட்டுப் பாடினார்கள். நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஷூவைத் தூக்கிக் காட்டச் சொன்னதும் கூட்டமே தூக்கியது. பார்த்துக்கொண்டிருந்த அடிடாஸ் ஆளுக்குக் கணக்கு புரிந்துவிட்டது. சுமார் 10 லட்சம் டாலர் ஒப்பந்தம்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. டாப்பர் டான் என்பவர் 1982இல் ஹார்லெமில் கடை திறந்தார். குச்சி, லூயி விட்டோன், ஃபெண்டி முத்திரைகளைத் தானே தோலில் அச்சடித்து, அந்தக் கம்பெனிகள் கனவிலும் தைக்காத கோட்டுகளைத் தைத்தார். எரிக் பி, ராக்கிம் என்ற ராப் ஜோடி ஆல்பம் அட்டையில் அவற்றைப் போட்டுக்கொண்டு நின்றது. வழக்கு, சோதனை என்று வந்து 1992இல் கடை மூடப்பட்டது. 2017இல் அதே குச்சி, அவர் முன்பு தைத்த ஒரு கோட்டை அப்படியே உரித்தாற்போல் ஒன்றை ஃபேஷன் ஷோவில் காட்டியது. ஊர் கூடிச் சத்தம் போட்ட பிறகு அவரோடு கைகோத்து, மறு வருஷமே ஹார்லெமில் தையலகம் அமைத்துக் கொடுத்தது. யார் யாரைக் காப்பி அடித்தது? முப்பது வருஷம் ஃபைல் பார்த்தவன் நான், இந்த ஃபைலில் என்ன குறிப்பு எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா மகனுக்கு இப்போது முன்வழுக்கை. போன வருஷம் வந்தவன் ஒரு பொட்டலம் கொடுத்தான். வெள்ளைச் சட்டை, முதலையோடு. "டென்னிஸ்தான் ஆடமாட்டீங்க, பரவாயில்ல போடுங்க மாமா" என்றான். பழசை அவன் மறக்கவில்லை. "அன்னிக்கு உன்னைத் திட்டியிருக்கக் கூடாதுடா" என்றேன். காதில் விழாதவன் மாதிரி, அளவு சரியா என்று தோள்பட்டையைப் பிடித்துப் பார்த்தான்.

நவம்பரில் உயிர்ச் சான்று கொடுக்க பேங்குக்குப் போனபோது அதைத்தான் போட்டுக்கொண்டேன். கவுன்டரில் இருந்த பையன் முதலையை உற்றுப் பார்த்துவிட்டு, "சண்டே மார்க்கெட்டா சார்? எவ்வளவு சொன்னான்?" என்று கேட்டான்.

"இருநூறு" என்றேன்.