குனிந்து நுழையும் முற்றம்

எங்கள் திருப்பூர் வீடு பழைய தொட்டிக்கட்டு வீடு. நாற்புறமும் தாழ்வாரம், நடுவே வானம் பார்த்த முற்றம். அம்மா இருந்தவரை அங்கே ஒரு மல்லிகைப் பந்தல் இருந்தது. தொண்ணூறுகளில் கிணற்று நீர் உவர்ந்தது. ஒரு நாள் வாளியில் இளஞ்சிவப்பாகவே வந்தது. பந்தல் கருகிற்று. அம்மா யாரையும் குறை கூறவில்லை. கூறியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏனெனில், தெருமுனையில் நாங்கள் நடத்திய பவர்டேபிளில் தைத்த பனியன்களுக்கும் அதே சாயம்தான் ஏறியிருந்தது. நொய்யலைக் கெடுத்தவர்கள் என்று பிறரைச் சுட்டிய கையாலேயே அத்தொழிலின் சோற்றையும் உண்டோம்.

அம்மா மறைந்தபின் முற்றத்தில் உடைந்த ஓடுகளும், பழுதான தையல் எந்திரங்களும், கட்டிங் வேஸ்ட் மூட்டைகளும் குவிந்தன. சிமெண்டு பூசி மூடிவிடுவதென முடிவு செய்திருந்தோம். அந்நாளில் மகளைக் காணச் சண்டிகர் சென்ற இடத்தில் ராக் கார்டனைக் கண்டோம்.

அதை ஆக்கியவர் நேக் சந்த். 1924ஆம் ஆண்டு, இன்று பாகிஸ்தானிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் அவ்வூரை இழந்தவர். லெ கொர்பூசியே வகுத்த புதிய நகரில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றினார். அந்நகருக்காக அழிக்கப்பட்ட சிற்றூர்களின் இடிபாடுகளையும், உடைந்த வளையல்களையும், பீங்கான் துண்டுகளையும் மிதிவண்டியில் சுமந்து சென்று, 1950களின் இறுதியிலிருந்து, சுக்னா ஏரியருகே அரசு நிலத்தில் யாருமறியாமல் உருவாக்கினார். 1970களின் நடுவில் அதிகாரிகள் கண்டபோது, சட்டப்படி அது இடிக்கப்படவேண்டியது. இடிக்கவில்லை. 1976ஆம் ஆண்டு மக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்கு ஊதியமும் 50 தொழிலாளரும் அளித்தனர். 1984இல் பத்மஸ்ரீ பெற்ற அவர், 2015இல் மறைந்தார்.

அது சிலைகளை நட்டுவைத்த தோட்டமன்று. சுவர், தரை, அருவி, வளைந்து செல்லும் வழி யாவும் ஒரே சிற்பத்தின் உறுப்புகள். முற்றத்திற்குப் பின் முற்றம். ஒன்றில் நிற்கையில் அடுத்தது தெரியாது. இடையிலுள்ள வாயில்களோ தாழ்ந்தவை. எவரும் குனிந்தே நுழையவேண்டும். பெத்லகேம் பிறப்புக் கோவிலின் சிறு வாயில் எங்கள் நினைவுக்கு வந்தது. குனிந்து நிமிர்ந்ததும் வெளி விரிகிறது. அச்சிற்பி வடித்தது கல்லை மட்டுமன்று, நம் நடையையும்தான். கந்தல் துணிகளால் அவர் செய்த மனித உருவங்களும் உண்டு. கட்டிங் வேஸ்ட்டை எடைக்குப் போட்டே பழகிய நாங்கள் அவற்றின்முன் நெடுநேரம் நின்றோம்.

2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும், கழிவுநீரை வெளியே விடாத பட்டறைகளே இயங்கலாம் என்றானதும் ஊரறிந்தவை. ஆயினும் எங்கள் கிணறு இன்னும் இனிக்கவில்லை. ஆகவே மழையை நம்பியே முற்றத்தை அமைத்தோம். நடுவே அம்மாவின் ஆட்டுக்கல். அதைச் சுற்றி, உடைந்த ஓடுகளால் நொய்யலைப்போல் வளைந்தோடும் ஒரு நீர்வழி. மழைக்காலத்தில் மட்டும் அதில் நீர் ஓடித் தொட்டியில் சேரும். தையல் எந்திரத்தின் இரும்புச் சக்கரத்தை மறைத்துவிடலாமா என்று எண்ணினோம். பின்னர், எவர் கண்ணுக்கும் படுமாறு நீர்வழியின் தலைப்பிலேயே நட்டோம். அது அங்கேதான் இருக்கவேண்டும். தலையில் இடிக்கிறதென்று உயர்த்தவிருந்த பழைய நிலைப்படியையும் அப்படியே விட்டுவிட்டோம்.

தொட்டி நீரில் ஒரு மல்லிகைப் பதியன் பிழைத்தது. இவ்வாண்டு ஏழு பூக்கள். அவற்றை அம்மாவின் கல்லறைக்குக் கொண்டு சென்றோம். மன்னிப்பு என்று அதற்குப் பெயரிட எங்களுக்கு இன்னும் துணிவில்லை. அடுத்த மழைக்கு நீர்வழியைத் துப்புரவு செய்துகொண்டிருக்கிறோம்.