தாத்தாவோட ரெட்டைக்குழல்

"வீட்டுல துப்பாக்கி இருக்காமே, என்னத்த சுடுவீங்க?" என்று சென்னை நண்பர் கேட்டார். ஒண்ணும் சுடுறதில்லை. மாசம் ஒருதரம் துடைக்கிறதோட சரி.

தாத்தா வாங்கின பன்னெண்டு போர் ரெட்டைக்குழல். ஐப்பசி மழையில் பாகூர் ஏரி நிரம்பினால் நாமக்கோழி, கிளுவை என்று அடித்து வருவாராம். 1972 வனவிலங்குச் சட்டத்திலும் லைசென்ஸ் எடுத்து சில பறவைகளைச் சுட வழி இருந்தது. 1991 திருத்தம் அதையும் மூடிவிட்டது.

துடைக்குமுன் மடக்கித் திறந்து, ரெண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று பார்த்துவிடணும். இல்லை என்று தெரிந்தாலும் பார்க்கணும். பிறகு கம்பியில் துணி சுற்றி உள்ளே இழுத்து, லேசா எண்ணெய். தோல் உறையிலேயே வைத்தால் ஈரம் கோத்து துரு ஏறும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கணும். ஒருமுறை துருவோடுதான் திரும்பி வந்தது.

போன தை மாசம் மயில்கள் வேர்க்கடலைப் பாத்தியைக் கிளறிப் போட்டன. ஆத்திரத்தில் பீரோ வரைக்கும் போய்விட்டேன். வாசலில் பேரன் நின்றிருந்தான். தகர டின்னை எடுத்துத் தட்டிக்கிட்டே வயலுக்கு ஓடினேன்.

இந்த வருஷம் லைசென்ஸைப் புதுப்பிக்கணும். புதுப்பிக்கப் போறதில்லை, ஒப்படைக்கப் போறேன். எண்ணெய் போட்டுத்தான் கொடுப்பேன்.