பெயர் ஏறிய சட்டை

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் பஞ்சமில்லை. நான் தொழில் கற்கச் சேர்ந்தது ஜெர்சி மட்டும் போடும் ஒரு சின்ன யூனிட். முதலாளிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, எங்களுக்கெல்லாம் அண்ணன். ஊர்க் கிரிக்கெட் டீம்களில் ஆரம்பித்தவர், இன்று கபடி, வாலிபால், கல்லூரி என்று ஆர்டர் எடுக்கிறார்.

முதலில் பழகியது துணி. நாங்கள் அச்சுக்குப் பயன்படுத்தும் சப்ளிமேஷன் மைக்குப் பருத்தி ஆகாது. பாலியஸ்டர் வேண்டும், அதுவும் வெள்ளையாக. டிசைனை இடவலம் மாற்றிப் பேப்பரில் அடிப்போம். பேப்பரில் அது வெளிறி, சாயம் போனாற்போலத் தெரியும். வெட்டிய துணியோடு சேர்த்து ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் அழுத்தினால், மை ஆவியாகி நூலுக்குள் இறங்கிவிடும். பேப்பரை உரிக்கும்போது நிறம் பளிச்சென்று எழும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. விரலால் தடவினால் அச்சே தட்டுப்படாது. பிறகு ஓவர்லாக், பேட்லாக், செக்கிங்.

தொழில் வளர்ந்த சூட்சுமம் கணக்கில் இருக்கிறது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கொரு ஸ்கிரீன் போட வேண்டும். பதினைந்து பீஸுக்கு அது கட்டுப்படியாகாது. சப்ளிமேஷனில் அந்தச் செலவு இல்லை. பதினைந்து சட்டையிலும் வேறு வேறு பெயர், நம்பர் போட்டாலும் கூலி ஒன்றுதான். பெரிய கம்பெனிகள் தொடாத அந்தச் சில்லறை ஆர்டரை அண்ணன் பிடித்துக்கொண்டார். ஆனால், பெயர் ஏறிய சட்டையை இன்னொருவருக்கு விற்க முடியாது. அதனால் அட்வான்ஸ் வராமல் மெஷின் ஓடாது; பெயர், நம்பர், சைஸ் பட்டியலுக்குக் கேப்டன் சம்மதம் சொல்லாமல் கத்தரி எடுக்க மாட்டோம். "துணி வீணானா வேற வாங்கிக்கலாம் தம்பி. மேட்ச் அன்னிக்குச் சட்டை இல்லாம நின்ன டீம் திரும்ப வராது" என்பார்.

ஐ.பி.எல். சீசனில் சென்னை டீமின் சிங்கத்தை அப்படியே போட்டுத் தரக் கேட்டு வருவார்கள். உரிமம் இல்லாமல் அந்த லோகோவைத் தொடக் கூடாது. கையில் காசோடு வந்தவரிடமும் அண்ணன் முடியாது என்றதைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் போடலாம், உங்கள் ஊர்ப் பெயர் போடலாம் என்று அவர்களுக்கென்றே ஒரு சின்னம் வரைந்து தருவார். அதில் மயங்கியவர்கள்தான் வருஷா வருஷம் வருகிறார்கள். அவருடைய உண்மையான முதல் அவர்கள் வைத்த நம்பிக்கைதான் என்பேன்.

டோர்னமென்ட் நடத்தும் நண்பர்களே, பெயர்ப் பட்டியலைப் போனில் சொல்லாமல் எழுதி அனுப்புங்கள். இரண்டு வாரம் முன்னதாகவே அனுப்புங்கள்.