ஐந்து நிமிட இடைவெளி

ஆரணிக்கு ரயில் நிலையம் உண்டு. ஊர்தான் அங்கே இல்லை. காட்பாடி–விழுப்புரம் பாதையில் 'ஆரணி சாலை' என்று பலகை வைத்திருக்கும் நிலையம் களம்பூரில் இருக்கிறது. அங்கே இறங்கினாலும் ஊருக்குள் வர பஸ்தான் பிடிக்க வேண்டும். திண்டிவனம்–நகரி புதுப் பாதை ஆரணி வழியாக வரும் என்று 2006-07 ரயில்வே பட்ஜெட் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது வருகிறவரை புடவை எடுக்கப் போகிறவருக்கும், நெசவாளிக்கும், கல்லூரிப் பிள்ளைகளுக்கும் பஸ்ஸை விட்டால் கதியில்லை.

அண்ணன் மகள் கல்யாணம் ஆவணியில். பட்டு எடுக்க வேலூரில் ஒரு தனியார் பஸ்ஸில் ஏறினேன். ஆடி வெள்ளி, கண்ணமங்கலத்தில் இறங்கிப் படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிற கூட்டம் வேறு. வண்டி கிளம்பிவிட்டது என்று சொல்ல முடியாது, நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. பஸ் நிலைய வாசலில் அடி அடியாக உருண்டுகொண்டிருக்க, "ஆரணி, ஆரணி, ஆரணி" என்று கண்டக்டர் கூவி ஆள் சேர்த்தார். அங்கே கரைத்த நிமிடங்களை எங்கே பிடிப்பார்கள் என்பது பாகாயம் தாண்டியதும் தெரிந்தது.

பின்னால் ஏர் ஹாரன் கேட்டது. படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த கண்டக்டர், "அண்ணே, வந்துட்டான்" என்றார். அவ்வளவுதான். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை வாசலில் இறங்கிய பாட்டி ஒரு காலைத் தரையில் வைக்கும்போதே விசில் கொடுத்தாயிற்று. கணியம்பாடிக்கு அப்பால் இரண்டு பஸ்ஸும் ஜோடி போட்டு ஓடின. எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர். அதை ஒட்டி ஒரு பைக்கில் கணவன், மனைவி, நடுவில் குழந்தை. பைக் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிச் சாய்ந்து, எப்படியோ நின்றது. அந்தப் பெண்ணின் ஒற்றைச் செருப்பு மட்டும் ரோட்டிலேயே கிடந்தது. எங்கள் வண்டி முந்திவிட்டது. கடைசி சீட்டில் யாரோ சந்தோஷத்தில் விசிலடித்தார்கள். டிரைவரைவிட அந்த ஆள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம் வந்தது.

பக்கத்தில் இருந்த பெரியவர் ஆரணிப் பக்கத்து நெசவாளி. கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். "எனக்கும் புடவைக்கு இவ்ளோன்னு கூலிதான் சார். சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் காசு. ஆனா இழை அறுந்தா நிறுத்தி, முடி போட்டுட்டுத்தான் அடுத்த ஊடை. அவசரப்பட்டா புடவையில தெரிஞ்சிடும், கூலியில பிடிச்சிப்பாங்க."

தனியார் பஸ்ஸிலும் கணக்கு ஏறக்குறைய இதுதான். கலெக்‌ஷனைப் பொறுத்துப் படி. பர்மிட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் நேரம் குறித்திருக்கிறது. முன்னால் போகிறவன் நிறுத்தத்துக் கூட்டத்தை அள்ளிக்கொண்டால் பின்னால் வருகிறவனுக்கு வெறும் ரோடுதான் மிச்சம். ஐந்து நிமிடம் பிந்தினால் அன்றைய படியில் துண்டு விழும். ரோட்டில் கிடந்த செருப்புக்கு யார் கூலியில் பிடிக்கிறார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு விதி மீறி முந்துவதையும் ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. முதல் தடவைக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அளவுக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு பயணிக்கும் 200 ரூபாய் என்கிறது 194-ஏ பிரிவு. எங்கள் வண்டியில் தலையை எண்ணியிருந்தால் அந்த நடையின் கலெக்‌ஷன் முழுக்கப் போயிருக்கும். வழியில் ஒரு கூட்ரோட்டில் போலீசார் நின்றிருந்தார்கள். ஹெல்மெட் போடாத பைக்குகளை ஓரங்கட்டி ரசீது கிழித்துக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டில் ஆள் தொங்க நாங்கள் கடந்து போனோம். ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். பஸ்ஸை நிறுத்தினால் அறுபது பேர் கத்துவார்கள். பைக்காரன் தனியாள்.

அரசு பஸ் என்றால் தப்பித்தோம் என்பதும் இல்லை. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெறச் சட்டம் இடம் தருகிறது. அப்படிப் பெற்றால் இழப்பீட்டைக் கழகமே கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இழுத்தடித்தால் நீதிமன்ற அமீனா வந்து பஸ்ஸை ஜப்தி செய்வார். செத்தவர் வீட்டுக்காரர்கள் வருஷக்கணக்கில் அலைந்த பிறகு நடக்கிற காரியம் இது. பேப்பர் படிக்கிற எவருக்கும் பழகிப்போன செய்தி.

2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். உடைந்த எலும்புகளைச் சேர்த்துச் சேர்த்து அலுத்துப்போய்த்தானோ என்னவோ, கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்கே போனார். 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது அந்த வழக்கில்தான். 2021 டிசம்பரில் தமிழக அரசு 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கி, விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். விபத்துக்குப் பிந்தைய 48 மணி நேரத்துக்குப் பொறுப்பேற்க ஆள் வந்துவிட்டது. முந்தைய ஐந்து நிமிடத்துக்குத்தான் ஆளைக் காணோம்.

ஆரணியில் புடவை நல்லபடி அமைந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை. திரும்பும்போது பஸ் நிலையத்தில் டைம் கீப்பரிடம் கேட்டேன், ஏன் இந்த ஓட்டம் என்று. "பர்மிட் போட்ட காலத்துல ரோட்டுல இவ்ளோ வண்டி ஏது சார்? டைமிங் மட்டும் அப்படியே இருக்கு. மாத்தணும்னா எல்லா ஓனரும் ஒத்துக்கணும், எங்க ஒத்துக்குவாங்க?"

"சரிங்க, வேலூருக்கு மெதுவா போற வண்டி எது? அதைச் சொல்லுங்க."

அவர் நோட்டைப் புரட்டவில்லை. "அப்படித் தனியா ஒண்ணும் கிடையாது சார். முன்னாடி எந்த வண்டி போவுது, பின்னாடி எது வருது, அதைப் பொறுத்துத்தான்."