பம்புக்கும் ஒரு கணக்கு இருக்கு

காருக்கு டேர்போ போட்டா எல்லாரும் வந்து பொனற் திறந்து பார்ப்பினம். பெற்றோல் பம்பை ஒருத்தரும் கேக்கிறேல்ல. அது பின்னால, டாங்குக்குள்ள கிடக்கும். ஆனா எஞ்சினுக்குக் காற்றைக் கூட்டினா பெற்றோலையும் கூட்டவேணும். அது பத்தாட்டி கலவை மெலிஞ்சு, சூடு ஏறி, எஞ்சின் தட்டத் தொடங்கும். பிஸ்டன் உருகச் சில செக்கன்களே காணும்.

என்ர நண்பன்ர ஸ்டார்லெட்டுக்கு நடந்தது அதுதான். சீட்டுக் காசில பூஸ்ட்டைக் கூட்டினான். "பழைய பம்பே தாங்கும் தம்பி" எண்டு கராஜில சொல்லிச்சினம். தாங்கேல்ல. மிச்சச் சீட்டை இன்னும் கட்டுறான், கார் மூடிக் கிடக்கு.

இவ்வளவுக்கும் கணக்கு லேசு. டேர்போ எஞ்சின் ஒண்டு ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு சுமார் 270 கிராம் பெற்றோல் குடிக்கும். 200 குதிரைவலு எண்டா 54 கிலோ, அதாவது கிட்டத்தட்ட 73 லீற்றர். ஒரு 20 சதவீதம் கையிருப்பு வைச்சா 88 லீற்றர்.

ஆனா பெட்டியில போட்டிருக்கிற இலக்கத்தை அப்பிடியே நம்பக்கூடாது. 3 பார் அழுத்தத்தில ஓடுற ரெயிலுக்கு 1 பார் பூஸ்ட் வந்தா ரெகுலேற்றர் அதை 4 பாராக்கும். அழுத்தம் ஏற ஏற பம்ப் தள்ளுற அளவு குறையும். பழைய மெல்லிய வயரில வோல்ற்றேஜ் விழுந்தா இன்னும் குறையும். அதால உங்கட அழுத்தத்திலயும் வோல்ற்றேஜிலயும் எவ்வளவு தள்ளும் எண்டு பம்பின்ர வரைபடத்தில பாருங்கோ. பற்றரியில இருந்து பியூஸ், ரிலேயோட தடிச்ச வயர் இழுக்கிறது பெரிய செலவில்லை.

அதுக்காக ஆகப் பெரிய பம்பை வாங்கவும் வேண்டாம். திரும்பிப் போற குழாய் சின்னனா இருந்தா, மிஞ்சின பெற்றோல் போக வழியில்லாம ஐடிலில அழுத்தம் ஏறி நிக்கும்.

டாங்குக்குள்ள இருக்கிற பம்பைக் குளிராக்கிறதும் பெற்றோல்தான். 2022இல கியூஆர் கோட்டா வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் கிடைச்ச காலம் ஞாபகம் இருக்கும். டாங்கை அடியில வைச்சே ஓடின கார் உங்கட எண்டா, பூஸ்ட்டைத் தொட முதல் பிரஷர் கேஜ் ஒண்டைப் பூட்டி, முழு இழுவையில அழுத்தம் விழுதோ எண்டு பாருங்கோ.