இரண்டாவது ஜாய்ஸ்டிக்

நாற்பத்தைந்து வயதில் ஒருவன் வீடியோ கேம் விளையாடுகிறான் என்றால், அதை வெளியே சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை. சீட்டாடுகிறேன் என்று சொல்லலாம். அதற்கு ஒரு கௌரவம் உண்டு. குறுக்கெழுத்துப் போட்டி என்றால் அறிவாளி என்றே நினைத்துக்கொள்வார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு டெலிவிஷனுக்கு எதிரே கண்ட்ரோலரும் கையுமாக உட்காருகிறேன் என்று ஓர் இலக்கியக் கூட்டத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தலைமை வகித்த பெரியவர் பார்த்த பார்வையில் என் ஏழு நாவல்களும் தள்ளுபடியாகிவிட்டன.

ஆகவே இனி ஒளிக்க ஒன்றுமில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக விளையாடுகிறேன். அத்தனை வருஷமும் குறைப்பட்டுக்கொண்டும் இருக்கிறேன். வெள்ளெழுத்து வந்தவனுக்கு எறும்பு ஊர்வது போல எழுத்துப் போடுகிறார்கள். வாரத்தில் அகப்படுகிற ஒரே ஒரு ஓய்வு மணி நேரத்தில் யந்திரத்தை முடுக்கினால், புதிய திருத்தங்கள் வந்திருக்கின்றன என்று சொல்லி, அந்த மணி முழுவதும் சதவிகிதக் கணக்குக் காட்டுகிறது. நல்ல கட்டத்தில் கதைக் காட்சி ஓடும்போது வாசல் மணி அடிக்கும். பொத்தானை அமுக்கினால் காட்சி நிற்குமா, ஒரேயடியாகத் தாண்டிப் போய்விடுமா என்பது தெய்வத்துக்கே வெளிச்சம். துணிந்து அமுக்கி, கதாநாயகனின் தகப்பனார் எப்படிச் செத்தார் என்பதை இன்றுவரை அறியாதவன் நான். வந்தவன் பால் பாக்கிக்காரன்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான். கூப்பிட்ட குரலுக்கு எழுந்து போக விடாத ஆட்டம்.

எங்கள் வீட்டுக்கு டி.வி. கேம் வந்தது 1992 தீபாவளிக்கு, அப்பாவின் போனஸ் பணத்தில். இரண்டு ஜாய்ஸ்டிக். முதலாவது அண்ணனுடையது, அவன் மூத்தவன், அதில் பேச்சுக்கே இடமில்லை. இரண்டும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். ஆட்டத்தை நிறுத்துகிற ஸ்டார்ட் பொத்தான் மட்டும் அவனுடையதில்தான் இருந்தது. என்னுடையதில் அந்த இடம் வழவழவென்று இருக்கும். இது எனக்கு இழைக்கப்பட்ட தனிப்பட்ட அநியாயம் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். பிறகு விசாரித்தால், 1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியிலேயே இரண்டாவது கண்ட்ரோலருக்கு ஸ்டார்ட் கிடையாதாம். அதற்குப் பதிலாக ஒரு மைக் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது அதன் நகல். நகல் செய்தவர்கள் மைக்கை விட்டுவிட்டு, குறையை மட்டும் விசுவாசமாகக் காப்பியடித்திருந்தார்கள்.

மேரியோ ஆடுவோம். என் முறை நடந்துகொண்டிருக்கும். சமையலறையிலிருந்து அம்மா, "தம்பி, ஓடிப் போய்க் கொத்தமல்லி வாங்கிட்டு வா" என்பாள். நான் அண்ணனைப் பார்ப்பேன். அவன் ஒரு மாஜிஸ்திரேட்டின் தோரணையில் பொத்தானை அமுக்குவான். சின்னதாக ஒரு சத்தம், பாட்டு அடங்கிவிடும். குதித்துக்கொண்டிருந்த மேரியோ குதித்தபடியே அந்தரத்தில் நிற்பான், கீழே பள்ளம் வாயைத் திறந்துகொண்டிருக்கும். செருப்புக்கூடப் போடாமல் ஓடிக் கொத்தமல்லியோடு திரும்பினால் அதே அந்தரம், அதே பள்ளம். பொத்தான் திரும்பவும் அமுங்கும். பெரும்பாலும் பள்ளத்தில் விழுவேன், அது வேறு விஷயம்.

அந்த கேசட்டில் ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. ஒரு ராத்திரி எட்டாவது உலகம் வரை போய்விட்டோம். அண்ணன் ஆட்டத்தை நிறுத்தி, டி.வி.யை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டியை விடிய விடிய ஓட விட்டான். அடாப்டர் தோசைக்கல்லாகக் கொதித்தது. விடிகாலை எழுந்த அப்பா பிளக்கைப் பிடுங்கிப்போட்டார். இரண்டு நாள் அண்ணன் அப்பாவோடு பேசவில்லை. அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது.

நிறுத்தி வைக்கும் யோசனை அதற்கும் முந்தியது. அமெரிக்காவில் ஃபேர்சைல்டு கம்பெனி 1976-இல் 'சேனல் எஃப்' என்று ஒரு பெட்டி வெளியிட்டது. ஜெரி லாசன் என்ற கறுப்பின இன்ஜினீயர் தலைமையில் உருவானது. நிரல் அடங்கிய கேசட்டை மாற்றி மாற்றிப் போட்டு ஆடும் வசதி வீடுகளுக்கு வந்தது அதில்தான். அந்தப் பெட்டியிலேயே 'ஹோல்ட்' என்று ஒரு பொத்தான் உண்டு. ஆடுகிறவனுக்கு ஒரு வீடு இருக்கிறது, அதில் அடுப்பில் பால் இருக்கிறது என்பது அந்தப் புண்ணியவான்களுக்கு அப்போதே தோன்றியிருக்கிறது.

இதற்குப் பிறகு 2011-இல் 'டார்க் சோல்ஸ்' வந்தது. பிரமாதமான ஆட்டம், நான் மறுக்கவில்லை. ஆனால் தன்னந்தனியாக ஆடும்போதுகூட நிறுத்த முடியாது. பட்டியலைத் திறந்தால் பின்னால் வாளோடு வருகிறவன் வந்துகொண்டேதான் இருப்பான். அது கலையின் ஓர் அம்சம், அந்தப் பயம்தான் ரசம் என்று வாதிக்கிறவர்கள் உண்டு. 2019-இல் அதே கம்பெனி 'செகிரோ' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. அதை நிறுத்தலாம். நிறுத்த விட்டதால் அதன் கடுமை ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லை. என் கட்டைவிரல் சாட்சி.

பலர் சேர்ந்து ஆடும் ஆட்டங்களின் சங்கதி வேறு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நூறு பேர் நூறு ஊர்களில் உட்கார்ந்து ஒரே தீவில் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒருவன் வீட்டுப் பாலுக்காகத் தொண்ணூற்றொன்பது பேரை அந்தரத்தில் நிறுத்த முடியாது. நியாயம்தான். நியாயம் என்று தெரிந்துதான் நானும் அதில் போய் மாட்டிக்கொண்டேன்.

அண்ணன் தோஹாவில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். மற்ற நாட்களில் நாங்கள் சந்திப்பது வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு, அவனுக்கு ஏழு மணி, அந்தத் தீவில்தான். டெலிபோனில் பேச உட்கார்ந்தால் எங்களுக்குள் மூன்று நிமிஷத்துக்கு மேல் சரக்கு இருக்காது. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, யாரோ முகம் தெரியாதவனைத் துரத்திக்கொண்டே பேசினால், அவன் சர்க்கரை வியாதி, என் பெண்ணின் காலேஜ், விற்காத பூர்வீக வீடு எல்லாம் தானாக வந்துவிடும்.

போன ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. மனைவியும் பெண்ணும் ஊருக்குப் போயிருந்தார்கள். தீவில் பதினைந்து பேர் மிச்சம். அதில் நாங்கள் இரண்டு பேர். அப்போது அண்ணன், "டேய், அம்மா கூப்பிடுது பாரு" என்றான்.

என் காதுகள் இரண்டும் மூடியிருந்தன. என் வாய்க்கு எதிரே இருந்த மைக் வழியாக அம்மாவின் குரல் கடல் தாண்டிப் போய், அவனுக்குக் கேட்டிருக்கிறது. பத்தடி தூரத்தில் இருந்த எனக்குக் கேட்கவில்லை.

"இதோ வரேம்மா, ரெண்டு நிமிஷம்" என்று சத்தம் கொடுத்தேன்.

"நீ போடா. நான் பார்த்துக்கறேன்" என்றான் அவன்.

"இரு, முடியப் போகுது."

ஆறு நிமிஷம் ஆயிற்று. முடிந்த பாடில்லை. அண்ணன், "எந்திரிச்சுப் போடான்னா!" என்று அதட்டினான். அந்த அதட்டலை நான் கேட்டு இருபது வருஷம் இருக்கும். எழுந்து போனேன்.

அம்மா சமையலறைத் தரையில் கிரைண்டரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிட மறந்திருக்கிறாள்; சர்க்கரை இறங்கிவிட்டது. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணியில் தெளிந்துவிட்டாள்.

"ரெண்டு தரம் கூப்பிட்டேன், தம்பி."

"அது பாதியிலே நிறுத்த முடியாதும்மா."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "முன்னே எல்லாம் அண்ணன் நிறுத்துவானே?" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்திக் கேட்டாள், அவ்வளவுதான்.

கூடத்துக்குத் திரும்பினால் ஆட்டம் முடிந்துபோயிருந்தது. நான் போட்டுவிட்டுப் போன ஆள் ஒரு புதரடியில் மரமாக நின்றிருக்கிறான். தப்பி ஓடாமல், அண்ணன் அவனுக்கு முன்னால் காவல் நின்று இரண்டு பேருமாகச் செத்திருக்கிறோம். ஹெட்செட்டை எடுத்துக் காதில் வைத்தேன்.

"அம்மா எப்படிடா இருக்கு?" என்றான். அது வரை அவன் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

இப்போதும் வெள்ளிக்கிழமை ஆடுகிறோம். ஹெட்செட்டை வலது காதில் மட்டும் மாட்டிக்கொள்கிறேன். இடது காது சமையலறைக்கு. இடப்பக்கமாக எதிரி வந்தால் காலடிச் சத்தம் எனக்குக் கேட்பதில்லை. அநேகமாக என்னால்தான் தோற்கிறோம். அண்ணன் ஒன்றும் சொல்வதில்லை.